ஈரமாக இருந்தால் போதும்

கதவைத் திறந்து செருப்பைக் கழற்றி உள்ளே வைத்த கால் ஈரத்தில் படுகிறது. காலையில் குழாயை மூடாமல் போய்விட்டேனோ என்றுதான் முதலில் நினைக்கிறேன், ஆறு நாளாக எதை மூடினேன் எதைத் திறந்து வைத்தேன் என்று எனக்கே தெரிவதில்லை, நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது காஸை அணைத்தேனா என்று திடுக்கிட்டு எழுந்து நின்றேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா என்னங்க உள்ள கூப்பிட்டாங்களா என்று கேட்டாள், இல்லை என்று மறுபடி உட்கார்ந்தேன். ஆனால் இது குழாய்த் தண்ணீர் இல்லை. இதற்கு ஒரு வாசனை இருக்கிறது, மழை பெய்து நின்ற மறுநாள் செடித் தொட்டியில் வருமே அந்த வாசனை, இருபத்தைந்து வருஷமாக அவருடைய பனியனில், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டையில் நான் முகர்ந்த வாசனை. ஹாலின் அந்த மூலையில் மூன்றடித் தொட்டி விளக்கெரிந்தபடி நிற்கிறது, தண்ணீர் விளிம்பிலிருந்து நாலு விரல் இறங்கியிருக்கிறது, இடது ஓரம் கீழே இரண்டு கண்ணாடி சேரும் இடத்திலிருந்து நூல் மாதிரி, சத்தமே இல்லாமல், மரப்பெட்டியின் மேல் வழிந்து தரைக்கு வருகிறது. ஏழு ஏஞ்சல் மீன்களும் என்னைப் பார்த்ததும் முன் கண்ணாடிக்கு வருகின்றன. சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. மணி ஒன்று இருபது. கைப்பைக்குள் கைவிட்டு போனை எடுத்து அவர் பெயரை அழுத்திவிட்டேன், காதில் வைத்துவிட்டேன், தாங்கள் அழைக்கும் எண் என்று அந்தப் பெண் குரல் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது, அந்த போன் இதே கைப்பையில்தான் இருக்கிறது, அணைத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில், வாட்ச், மோதிரம், பெல்ட்டோடு, கவரின் மேல் தணிகைவேல், ஆண், 54 என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறது.

துணி. துணி எடுத்து அழுத்த வேண்டும். பழைய துண்டை எடுத்து அந்த மூலையில் வைத்து அழுத்துகிறேன், துண்டு நனைகிறது, தண்ணீர் துண்டைச் சுற்றிக்கொண்டு வழிகிறது. தொட்டி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் நான் கேட்டதில்லை, யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களை இழுத்துக்கொண்டு போய் இதன் முன்னால் நிறுத்தி, மீன் வளக்கறது பெரிய விஷயமில்ல சார், தண்ணியை வளக்கணும் என்று ஆரம்பிப்பார், நான் சமையலறைக்குள் போய்விடுவேன், காபி கலக்கும்போது பாதி காதில் விழும். மீன் கழிக்கிறது, அது விஷம் ஆகிறது, அந்த விஷத்தைத் தின்கிற கிருமிகள் ஃபில்டருக்குள் குடியிருக்கின்றன, ஒன்றரை மாதம் ஆகும் அவை வந்து சேர, அவை இல்லாவிட்டால் எவ்வளவு சுத்தமான தண்ணீரிலும் மீன் நாலே நாளில் செத்துப்போகும். நமக்கே தெரியாம நமக்காக வேலை பாக்கறாங்க சார் என்பார், கிருமிகளைப் போய் மரியாதையாகப் பேசுகிற ஒரே மனுஷன். எனக்கு அது தெரியாமல் இல்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும். கல்யாணமாகி மூன்றாவது வருஷம், அவர் பயிற்சிக்காக திருச்சி போயிருந்தார், திரும்பி வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று ஃபில்டரில் இருந்த பஞ்சை எடுத்தேன், என்ன அழுக்கு, சேறு மாதிரி ஒழுகியது, பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, பிழிந்து பிழிந்து வெள்ளையாகும்வரை அலசி வெயிலில் காயவைத்து மாட்டினேன். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் வந்தபோது இரண்டு மிச்சம் இருந்தது, மறுநாள் அதுவும் இல்லை. திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். காலித் தொட்டிக்குள் கையைவிட்டு அந்த வெள்ளைப் பஞ்சை எடுத்துப் பார்த்தார். அது அழுக்கு இல்ல வேதா என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை, எத்தனையோ பேச்சு, எதுவும் ஞாபகம் இல்லை, இது மட்டும் இருக்கிறது.

ஷரீப் பாயின் எண் என்னிடம் இல்லை. பிளாஸ்டிக் கவரைப் பிரித்து அவருடைய போனை எடுத்து உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது, திரையில் நாங்கள் மூன்று பேரும் ஏற்காட்டில் நிற்கிற படம் வந்தது, மகன் அப்போது பத்தாவது, இப்போது கப்பலில் எங்கேயோ நடுக்கடலில் இருக்கிறான், தகவல் போயிருக்கிறது, அடுத்த துறைமுகம் வர ஒன்பது நாள் என்றார்கள், ஒன்பது நாள் என்றபோது எனக்குள் ஏதோ ஒன்று ஒன்பதையும் ஆறையும் கூட்டியது. பாய் கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் இவர் அங்கேதான் இருப்பார். எடுத்ததும், வாங்க தணிகை சார், எங்க ஆளையே காணோம் என்றார். நான் அவர் மனைவி பேசறேன் என்றேன். ஆஸ்பத்திரி என்று சொன்னேன், தொட்டி ஒழுகுகிறது என்று சொன்னேன், அவருக்குப் பின்னால் பம்ப் சத்தம் கேட்டது, கடையில் நூறு தொட்டியில் நூறு காற்றுக்குழாய் கொப்பளிக்கிற சத்தம். பிறகு பாய் நிதானமாகச் சொன்னார், நான் அதை ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துக்கொண்டேன், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. "அம்மா, தண்ணியைக் கீழ ஊத்திடாதீங்க. பழைய தண்ணிதான் முக்கியம். பெரிய டிரம் இருக்கா? டியூப் போட்டு அதுல இறக்குங்க. மீனு அதுலயே இருக்கட்டும். ஃபில்டரைத் திறந்து உள்ள இருக்கற பஞ்சு, வெள்ளை வளையம் எல்லாத்தையும் ஒரு பக்கெட்ல, அதே தண்ணியில போடுங்க. மூடி வெக்காதீங்க, மூடினா மூச்சு முட்டிப் போயிரும் அது. குழாய்த் தண்ணி ஒரு சொட்டு படக் கூடாது. க்ளோரின் பட்டா அத்தோட சரி. காத்து பம்ப்பைப் பக்கெட்ல போட்டு ஓட விடுங்க." நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். "சார் நல்லா வந்துருவாரும்மா" என்றார் கடைசியில். அதற்கும் சரி என்றேன்.

மெட்ரோ தண்ணீர் பிடிக்கிற நீல டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, உள்ளே துணி போட்டு ஈரம் போகத் துடைத்து, ஹாலுக்கு உருட்டிக்கொண்டு வருகிறேன். டியூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு இன்னொரு முனையை வாயில் வைத்து உறிஞ்சுகிறேன், அவர் அப்படித்தான் செய்வார், சரியான நேரத்தில் வாயை எடுத்துவிடுவார், எனக்குத் தெரியவில்லை, வாய் நிறைய வந்துவிடுகிறது, துப்புகிறேன், வழவழவென்று நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் எத்தனை கிருமி இருக்கும். காலையில் உள்ளே விடுவதற்கு முன்னால் நர்ஸ் என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நகத்தைக் கூட, மருந்தை ஊற்றித் தேய்க்கச் சொன்னாள், முகமூடி, காலுக்கு உறை, தொடணும்னா முழங்கைக்குக் கீழ மட்டும் தொடுங்க, வெளியில இருந்து எதுவும் உள்ள வரக் கூடாது என்றாள். வெளியிலிருந்து வரவில்லையே. உள்ளேதான் இருந்தது. சிறுநீரகத்தில் ஒரு கல், பட்டாணி அளவுகூட இல்லையாம், வழியை அடைத்துக்கொண்டு, பின்னால் சீழ் பிடித்து, அது ரத்தத்தில் கலந்து, இப்போது ரத்தம் முழுக்கக் கிருமி. மூன்றாவது ஆன்டிபயாட்டிக் மாற்றியிருக்கிறார்கள். அந்த டாக்டர் பெண், என் மகனைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், லேப் கல்ச்சர்ல வளந்த கிருமிக்கு ரெண்டு மருந்து கேக்கலம்மா என்றாள், பிடிவாதம் பிடிக்கிற குழந்தையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அங்கே ஒரு கட்டிடம் நிறைய ஆட்கள் ராத்திரி பகலாகக் கிருமியைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது சாகமாட்டேன் என்கிறது. இங்கே ஒரு பக்கெட் கிருமியை நான் ஒருத்தி உயிரோடு வைக்கப் பார்க்கிறேன், இது குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் செத்துப்போகுமாம். யாரிடம் சொல்லிச் சிரிப்பது. சொன்னால் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான், அந்தப் பூச்சி வேற இந்தப் பூச்சி வேற வேதா என்று ஆரம்பித்துவிடுவார், ஆரம்பிக்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும், காபி ஆறினாலும் பரவாயில்லை, நான் நின்று கேட்கிறேன்.

மீன்களை வலையால் ஒவ்வொன்றாக டிரம்முக்கு மாற்றுகிறேன். ஃபில்டரின் மூடிக்கு நாலு கொக்கி. மூன்று வந்துவிட்டது, நாலாவது வரவில்லை, நகம் பிய்ந்தது. திறந்ததும் அந்தப் பழுப்பு நிறச் சளி, பஞ்சு தெரியாத அளவுக்கு, அதற்குக் கீழே பீங்கான் வளையங்கள், கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. குழந்தையை எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துப் பக்கெட்டுக்கு மாற்றுகிறேன். அந்தத் திங்கட்கிழமை முதுகு வலிக்குது என்றார். சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இந்தப் பக்கம், விலாவுக்குக் கீழ, குத்தற மாதிரி என்றார். எப்பப் பார்த்தாலும் தொட்டி முன்னாடி குனிஞ்சு கெடந்தா முதுகு வலிக்காம என்ன செய்யும் என்றேன். சுடுதண்ணிப் பையை நிரப்பிக் கொண்டுபோய் வைத்தேன், வைத்தேன்தான், ஆனால் வைக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டு வைத்தேன். செவ்வாய்க்கிழமை குளிர் எடுத்தது. வைரல் என்றேன், தெரு முழுக்க வைரல்தான். மாத்திரை கொடுத்தேன். புதன்கிழமை காலை அவர் என்னை வேதா என்று கூப்பிடவில்லை, அக்கா என்றார், அவருடைய செத்துப்போன அக்காவின் பெயரைச் சொல்லி, இந்தப் பஸ் எங்க போகுது என்று கேட்டார். திங்கட்கிழமையே வந்திருந்தா என்று அந்த டாக்டர் பெண் சொல்லவில்லை. எப்பத்துலேர்ந்து வலி என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள். பேனாவை மூடவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா. தெரிந்திருக்காது. தெரிந்திருக்கும். பக்கெட்டில் காற்றுப் பம்ப்பின் குழாயைப் போட்டு சுவிட்சை அழுத்துகிறேன், கொப்பளிக்க ஆரம்பிக்கிறது, அப்பாடா என்று நிமிரும்போது டப்பென்று ஒரு சத்தம், தொட்டி விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன.

கதவு தட்டப்படுகிறது. கீழ்வீட்டு இன்பராஜ் சார். கையில் ஒரு சின்ன டார்ச், பட்டப்பகலில். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எங்க ஹால் சீலிங்ல தண்ணி இறங்குது, அதான்..." என்று ஆரம்பித்தவர் டிரம்மையும் பக்கெட்டையும் என் முழங்கைவரை இருந்த பழுப்பையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். கோபப்பட்டிருக்கலாம். போன வருஷம் மாடியில் துணி காயப்போட்டதற்கு எவ்வளவு சத்தம் போட்டார். இப்போது பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து, மரப்பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து, "பிளக் பாயின்ட்ல தண்ணி போயிருக்கு. மெயின் ட்ரிப் ஆயிருக்கு. நல்ல வேளை. நீங்க எதையும் தொடாதீங்க, எலக்ட்ரீஷியனுக்குச் சொல்றேன்" என்றார். அங்கேயே நின்று போன் பண்ணினார். நாலரைக்கு வருவானாம். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. கட்டிடம் முழுவதும் இப்படி ஆகிவிட்டது, லிஃப்டில் எனக்கு இடம் விட்டு ஒதுங்குகிறார்கள், குரலைத் தாழ்த்துகிறார்கள், எல்லாரும் எதையோ முன்னாலேயே தெரிந்துகொண்ட மாதிரி. போகும்போது வாசலில் திரும்பி, "சாயங்காலம் பாக்க விடற நேரம் நாலு மணிதானே? மூணே காலுக்கு ரெடியா இருங்க, வண்டியில கொண்டுபோய் விடறேன். எலக்ட்ரீஷியன் வந்தா நம்ம வீட்டம்மா பாத்துக்குவாங்க, சாவியை மட்டும் குடுத்துடுங்க" என்றார். சரிங்க சார் என்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபமாக வருகிறது இப்போதெல்லாம்.

பம்ப் ஓடாது. பேட்டரியில் ஓடுகிற பம்ப் ஒன்று உண்டு, கீழ் அலமாரியில் தேடி எடுத்தேன், உள்ளே பேட்டரி பொங்கி வெள்ளையாகப் பூத்திருந்தது, அவர் இருந்திருந்தால் மாற்றியிருப்பார், இருந்திருந்தால் என்று ஏன் நினைக்கிறேன், இருக்கிறார், இருக்கிறார். டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கெட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மொண்டு, உயர்த்தி, ஊற்றுகிறேன். விழும்போது நுரைக்கிறது. அந்த நுரையில்தான் காற்று இருக்கிறது. மொண்டு, உயர்த்தி, ஊற்றி. அங்கே அவருக்கு மூச்சு கொடுக்கிற மெஷினும் இப்படித்தான், ஒரு கறுப்புத் துருத்தி மேலே போய்க் கீழே வருகிறது, ஒவ்வொரு தடவையும் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறது, நான் என்னையறியாமல் அதோடு சேர்ந்து மூச்சுவிட ஆரம்பித்துவிடுவேன், கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், மனுஷன் அப்படி மூச்சுவிடமாட்டான், ஒரே மாதிரி, ஒரே அளவு. இரண்டே முக்கால். ஏஞ்சல்கள் நீல டிரம்மின் அடியில் நிழல் மாதிரி நிற்கின்றன, வரிசையாக, ஒன்றும் செய்யாமல். தொட்டியில் இப்போது கூழாங்கல்லும் ஒரு சாண் தண்ணீரும்தான், அதுவும் வழிந்துகொண்டிருக்கிறது. பாய் மறுபடி கூப்பிட்டார். கரண்ட் இல்லை, கையால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "அய்யோ, அதெல்லாம் வேணாம்மா. ஈரமா இருந்தாப் போதும். தண்ணியைப் பாதியாக் குறைச்சு, வளையமெல்லாம் கொஞ்சம் வெளிய தெரியற மாதிரி வெச்சுட்டு, மேல ஈரத்துணி போட்டு விட்டுருங்க. மூணு நாலு மணி நேரம் தாராளமாத் தாங்கும். மீனுக்கும் அவ்ளோ பெரிய டிரம்ல ஒண்ணும் ஆவாது. நீங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, சாரைப் போய்ப் பாருங்க." சரி பாய் என்றேன். போனை வைத்தேன். டம்ளரை எடுத்தேன்.

எழுந்திருக்க வேண்டும். முகம் கழுவ வேண்டும். சேலை முழுக்க நனைந்திருக்கிறது, மாற்ற வேண்டும், நைட்டிதான் துவைத்து இருக்கிறது, இல்லை, அந்த நீலச் சேலை இருக்கிறது. மொண்டு, உயர்த்தி, ஊற்றி. இன்னும் பத்து தடவை, பிறகு எழுந்துவிடுவேன். பத்து ஆனது. காலையில் அந்த டாக்டர் பெண் சொன்னது ஞாபகம் வரக் கூடாது என்று பார்க்கிறேன், அதைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. "மத்தியானத்துலேர்ந்து தூக்க மருந்தைக் கொறைக்கறோம்மா. கண்ணைத் திறக்கறாரா, சொன்னாப் புரிஞ்சுக்கறாரான்னு பாக்கணும். சாயங்காலம் நீங்க வந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்க. தெரிஞ்ச குரல் கேட்டா சில பேர் சீக்கிரம் வருவாங்க." வரலன்னா என்று கேட்டேன். தலையை ஸ்கேன் பண்ணிப் பாக்கணும் என்றாள், உடனே, யோசிக்காமல், அப்போது தெரிந்தது அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறாள். நான் போய் நிற்க வேண்டும். அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கூப்பிட வேண்டும். என்னங்க என்றா. பேர் சொல்லி என்றாளே, நான் ஒருநாளும் பேர் சொன்னதில்லை. என்னங்க, என்னங்க. நர்ஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தத் துருத்தி ஏறி இறங்கும். கண் திறக்காது. இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்கம்மா என்பார்கள். என் குரல் அவருக்குத் தெரிந்த குரல்தானா, கடைசியாக அவர் தெளிவாகக் கேட்ட என் குரல் என்ன சொன்னது, குனிஞ்சு கெடந்தா வலிக்காம என்ன செய்யும் என்றது. அந்தக் குரலுக்கு ஒருத்தர் ஏன் திரும்பி வர வேண்டும். மூன்று பத்து. தேன்மொழியைக் கூப்பிட்டேன், அவருடைய தங்கை, அண்ணா நகரில் ஸ்கூலில் வேலை, ஆஸ்பத்திரிக்கு அவளுக்கு அரை மணி நேரம். "தேனு, இன்னிக்கு நீ போறியா. இங்க தொட்டி உடைஞ்சு வீடு பூரா தண்ணி. ஒருத்தரைத்தான் விடுவாங்க. நீ போயிட்டு வா." "சரி அண்ணி, நான் போறேன், நீங்க பாத்துக்கங்க" என்றாள், அவளும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றே காலுக்கு இன்பராஜ் சார் கீழே வண்டியில் ஹாரன் அடித்தார். பால்கனிக்குப் போய்க் கையை ஆட்டி, இல்ல சார், நான் வரல, இது செத்துடும் என்றேன். எது என்று கேட்டார். காதில் விழாத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

நாலு. இப்போது தேனு கை கழுவிக்கொண்டிருப்பாள். நாலு ஐந்து. மொண்டு, உயர்த்தி, ஊற்றி. தோள் கழன்றுவிடும் போல வலிக்கிறது, வலிக்கட்டும், விட்டால் யோசிப்பேன். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்கிறேன், உயிர் இருக்கிறதா இல்லையா என்று இதில் எப்படித் தெரிந்துகொள்வது, செத்தாலும் இதே நிறம்தான், இதே கொழகொழப்புதான், நாலு நாள் கழித்து மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால்தான் தெரியும். அவருக்கு நாற்றத்திலேயே தெரியும். மூக்கருகில் ஒரு வளையத்தை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். மண் வாசனை. நல்லது என்று நினைக்கிறேன், நல்லதா என்று தெரியாது. இதைத் தொட்ட கையோடு அங்கே போய் அவரைத் தொட முடியுமா, முடியாது, அதனால்தான் போகவில்லை, இந்தக் கையில் கோடிக் கோடியாக ஒட்டியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் நகத்துக்குள் இருக்கும், அந்த நர்ஸ் பார்த்தால் விடவே மாட்டாள். இது நல்ல காரணம். இதைத் தேனுவிடம் சொல்லியிருக்கலாம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது, யாரும் கேட்கவில்லையே. நாலு இருபது. சோப்பு இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. மூன்று நிமிஷ வேலை, கை கழுவுவது.

நாலரைக்கு எலக்ட்ரீஷியன் வந்தான், நனைந்த பாயின்ட்டைத் தனியாகக் கழற்றி டேப் சுற்றிவிட்டு மெயினைத் தூக்கிவிட்டான். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் உயிர் வந்தது, மின்விசிறி சுற்றியது, பக்கெட்டில் கொப்புளம் கிளம்பியது. என்னம்மா இது, மீனே இல்லாத பக்கெட்ல காத்து விடறீங்க என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தேன்மொழி. அழுதுகொண்டிருந்தாள், முடிந்துவிட்டது என்று நினைத்தேன், ஒரு கணம், கடவுளே, ஒரு கணம் கை கால் எல்லாம் லேசாகிவிட்டது, இனி கூப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்று. "அண்ணி, அண்ணன் கண்ணைத் திறந்துட்டாங்க. நான் போனதும் திறந்துட்டாங்க. கையைக் குடுத்தேன், புடிச்சாங்க அண்ணி, நல்லா அழுத்தி. டாக்டர் கால் விரலை ஆட்டச் சொன்னாங்க, ஆட்டினாங்க. எல்லாம் புரியுது அவங்களுக்கு." எலக்ட்ரீஷியன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் ம் என்றேன். "டியூப் இருக்கறதால பேச முடியல. என்னைப் பாத்தாங்க, அப்புறம் எனக்குப் பின்னாடி பாத்தாங்க. நீங்க எங்கன்னு கேக்கறாங்கன்னு தெரிஞ்சுது. நான் என்ன சொல்றது. தொட்டி உடைஞ்சிருச்சுன்னா கஷ்டப்படுவாங்க. அண்ணி வந்துட்டே இருக்காங்க, இதோ வந்துருவாங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க கதவையே பாத்துட்டு இருந்தாங்க அண்ணி. வேற எங்கயும் பாக்கல. கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கப் பாத்தாங்க. டியூபைப் புடிச்சு இழுக்கப் போனாங்க, நர்ஸ் ரெண்டு பேர் வந்து புடிச்சு, துடிப்பு ரொம்ப ஏறுதுன்னு மறுபடியும் தூங்க ஊசி போட்டுட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குக் காலையில மறுபடி மருந்தைக் குறைச்சுப் பாக்கலாம்னாங்க. ஆனா பிரஷர் கொஞ்சம் இறங்குதாம், அதைப் பொறுத்துதான்னாங்க. முழிப்பாங்கன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க. நாளைக்கு நீங்க வந்துடுங்க அண்ணி, என்ன?" வரேன் என்றேன். "வீட்ல எல்லாம் சரியாயிருச்சா?" ஆயிருச்சு என்றேன்.

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். ஏழும் இருந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருக்காது, பாய்தான் சொன்னாரே. கதவு எந்தப் பக்கம் இருக்கிறது அவர் கட்டிலிலிருந்து. வலது பக்கம். அவர் கழுத்தில் அந்தப் பக்கம்தான் ஊசி சொருகியிருக்கிறார்கள், திருப்பினால் வலிக்கும், அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்திருக்கிறார். எவ்வளவு நேரம். நாலு ஐந்து, நாலு பத்து, நாலு இருபது. நாலு இருபதுக்கு நான் சோப்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினேன், முழங்கைவரை, நகத்தை பிரஷ் வைத்துத் தேய்த்தேன், பழுப்பாக ஓடியது, பிறகு வெள்ளையாக ஓடியது. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. சேலை மாற்றவில்லை. சாவியை எலக்ட்ரீஷியனிடமே கொடுத்து, கீழ்வீட்டில் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்தேன். ஐந்தே முக்காலுக்கு அந்த வராந்தாவில் இருந்தேன். ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டிக்கு என்னை ஆறு நாளாகத் தெரியும். "டைம் முடிஞ்சு போச்சேம்மா. நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான் விடுவாங்க" என்றார். தெரியும் என்றேன். எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவில் மேலே ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருந்தது, உள்ளே பச்சைத் திரை தொங்கியது. ஒரு நர்ஸ் வெளியே வந்தாள், கதவு முழுவதாகத் திறந்து, தானாக மெல்ல மூடிக்கொண்டது.